புள்ளத்தாச்சிக்குப் பொடிமீனா?

பின்லாந்து
8 செப்டம்பர் 2024

அன்பு குறையாத, ஆனால் கோபமும் குறையாத மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்னோடு பேசியபோது போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள். "வேலைய உட்டுட்டு ஊடு வந்து சேரு" என்று நீங்கள் சொன்ன கையோடு மாமி பின்னாலிருந்து "அப்டி சொல்லுடா" என்றது எனக்கு இங்கே தெளிவாகக் கேட்டது. புருஷன் பெண்டாட்டி பேச்சுக்குப் பார்வையாளர்கள் தேவையில்லை என்பது என் கட்சி. ஆகவே இனிமேல் போன் கிடையாது. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதுங்கள், படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நானும் அப்படியே அனுப்புகிறேன். உங்கள் கையெழுத்தை மாமி எந்தக் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது. அந்த ஒரு தைரியம் எனக்கு இருக்கிறது.

நான் வேலையை விடமாட்டேன். இந்த முதியோர் இல்லத்தில் கிழவிகளுக்குத் தலை வாரிவிடத்தான் நர்ஸ் படிப்பு படித்தாயா என்று நீங்கள் கேலி செய்வது உண்டு. இரண்டு வருடம் முட்டி மோதி இந்த ஊர் மொழியைப் படித்திருக்கிறேன். வரும் மே மாதம் பரீட்சை எழுதிவிட்டால் இங்கேயும் நான் நர்ஸ். இப்போது பெட்டி கட்டினால் எல்லாம் பாழ். உங்களுக்கு இங்கே வந்து தங்க அனுமதி ஆகஸ்டிலேயே கிடைத்துவிட்டது. அந்த அட்டை பீரோவில் தூங்குகிறது, நீங்கள் மீன்கடையில் நிற்கிறீர்கள்.

ஜூனில் லீவுக்கு ஊருக்கு வந்து திரும்பியபோது வயிற்றில் கொண்டுவந்த பிள்ளை மார்ச் முதல் வாரம் பிறக்கும் என்று தேதி சொல்லியிருக்கிறார்கள். பிறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், பிறப்பது இங்கேயாக இருக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். நான் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று ஆரம்பிப்பீர்கள். ஆரம்பியுங்கள், பதில் வைத்திருக்கிறேன்.

தஸ்லீம்


பூந்தமல்லி
11 செப்டம்பர் 2024

தஸ்லீமுக்கு,

வ அலைக்கும் ஸலாம். ஸ்பீக்கரில் போட்டது தப்புதான். மீன் கழுவிய கையோடு போனைக் காதில் வைக்க முடியாமல் போட்டேன். அம்மா அங்கே இருந்தது எனக்கே மறந்துவிட்டது. இனிமேல் நடக்காது. பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு இன்றைக்குத்தான் பேனா பிடிக்கிறேன், விரல் வலிக்கிறது.

நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. இதை நான் கற்பனை செய்யவில்லை. ஹலால் கறிக்கடை மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகிற ஊரில் இருக்கிறது, மாதத்துக்கு ஒரு தடவைதான் போக முடிகிறது, மற்ற நாளெல்லாம் உருளைக்கிழங்கும் தயிரும் என்று ஜூலையில் நீயேதான் சொன்னாய். உருளைக்கிழங்கு தின்று பிள்ளை வளருமா? முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போய் மூன்று வருடம் ஆகிறது. அன்றைக்குக் கடைச் சட்டையோடு ஆஸ்பத்திரியில் நின்றேன். இன்னொரு தடவை அப்படி நிற்க என்னால் முடியாது. அதனால்தான் வா என்கிறேன். இங்கே இருந்தால் வானகரம் மார்க்கெட்டில் என் கையால் பொறுக்கி எடுத்து வருவேன், அம்மா சமைத்துப் போடும்.

அது சரி, நீ இருப்பது ஏரிக்கரை என்றாயே. மீனுக்கு ஹலாலா இல்லையா என்ற கேள்வியே கிடையாதே. இரண்டு வருடமாக அதை ஏன் வாங்கவில்லை? வாங்கத் தெரியவில்லை என்றால் கேள். பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருப்பவன் எதற்கு இருக்கிறேன்?

தலையோடு இருக்கிற முழு மீனாகப் பார். தலை இல்லாத மீனைத் தொடாதே, அது எதையோ மறைக்கிறது. செவுளைத் தூக்கிப் பார், நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். கண் பளபளவென்று துருத்திக்கொண்டு இருக்க வேண்டும். முதுகில் அழுத்தினால் குழி விழக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் இருப்பதிலேயே பெரிதாக எடு. பிள்ளை சுமக்கிறவளுக்குப் பெரிய மீனில் நடுத்துண்டு, அதுதான் நம் வீட்டு வழக்கம்.

ஏழாம் மாதம் முடிவதற்குள் நீ நன்றாகச் சாப்பிடுகிறாய் என்று எனக்கு நம்பிக்கை வந்தால் நான் வருவதைப் பற்றி யோசிக்கிறேன். நம்பிக்கை வரவில்லை என்றால் நீ வந்துவிட வேண்டும். அதற்குமேல் விமானத்தில் ஏற்றிக்கொள்ள யோசிப்பார்கள்.

ஃபஹீம்


பின்லாந்து
22 செப்டம்பர் 2024

மச்சானுக்கு,

ஒப்பந்தத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிபந்தனை போடுகிறவர் குரலில் எழுதாதீர்கள், நான் உங்கள் கடையில் வேலை கேட்டு வரவில்லை.

இரண்டு வருடமாக ஏன் வாங்கவில்லை என்று கேட்டீர்கள். இங்கே சூப்பர் மார்க்கெட்டில் மீன் என்பது பிளாஸ்டிக்குக்குள் படுத்திருக்கிற ஒரு பட்டை. தலை இல்லை, வால் இல்லை, முள் இல்லை. முதல் வருடம் ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை வாங்கிக் குழம்பு வைத்தேன். வானவில் மீன் என்று பெயர், பண்ணையில் வளர்ப்பது. கொதித்ததும் அதன் எண்ணெய் மேலே மிதந்தது, புளி ஒரு பக்கம் போனது, மீன் ஒரு பக்கம் போனது. பிற்பாடு அதையே மிளகாய்த்தூள் தடவி அடுப்பில் சுட்டால் அருமையாக இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் அன்றைக்கு வெறுத்துப்போய் விட்டுவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு நேற்று சனிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். ஹெல்வி என்று ஒரு அம்மா ஏரியில் பிடித்த மீனை மேசை போட்டு விற்கிறார். அறுபது வயது இருக்கும், ரப்பர் பூட்ஸ், நம் ஊர் மீன்காரம்மாக்கள் மாதிரியே யாரையும் மதிக்காத பார்வை. நான் செவுளைத் தூக்கியதும் முறைத்தார். இந்த ஊரில் யாரும் அப்படிச் செய்வதில்லை போல. முதுகில் அழுத்தியதும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்ணைக் குனிந்து பார்த்ததும் சிரித்துவிட்டார்.

பெரிய மீன் கேட்டேன். எடுத்துக் காட்டினார். பெயர் ஹவுக்கி. நீள மூக்கு, வாய் நிறையப் பல், பச்சை உடம்பில் புள்ளி. நான்கு கிலோ. நம் ஷீலா மீனை ஏரியில் போட்டு வளர்த்த மாதிரி இருந்தது. நீங்கள் சொன்ன மூன்று பரீட்சையிலும் பாஸ். வீட்டுக்குக் கொண்டுவந்து நானே வெட்டினேன். உங்கள் கடையில் மீன் வெட்டுகிற வேம்புலி இரண்டு நிமிடத்தில் செய்வதற்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. முள் நிறைய. ஆனால் சதை வெள்ளை வெளேரென்று இருந்தது. நடுத்துண்டைக் குழம்பு வைத்தேன், மீதியை ஃபிரீசரில் வைத்தேன். இரண்டு தட்டு சோறு உள்ளே போனது. படம் அனுப்பியிருக்கிறேன். மாமியிடம் காட்டிவிடுங்கள், இதற்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

தஸ்லீம்


பூந்தமல்லி
24 செப்டம்பர் 2024

தஸ்லீம்,

படம் பார்த்தேன். முதல் தரம். அந்தச் செவுளின் நிறத்தைப் பார்த்தாலே தெரிகிறது, பிடித்து ஒரு நாள்கூட ஆகவில்லை. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். வேம்புலி போனை வாங்கி விரலால் பெரிது பண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணாத்தே, மொதல மாரி கீது?" என்றான். அம்மாவுக்குச் சந்தோஷம். நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு இருக்கிறது, என் மருமகள் வெளிநாட்டில் நாலு கிலோ மீன் வெட்டுகிறாள் என்று.

இதையே பிடித்துக்கொள். வாரம் இரண்டு நாள் சாப்பிடு. கிடைக்கும்போது வாங்கி ஃபிரீசரை நிரப்பு. இதைவிடப் பெரிதாகக் கிடைத்தால் விடாதே. பெரிய மீனில்தான் சத்து.

இன்னொன்றும் சொல்கிறேன். நீ அந்த அம்மாவின் முன்னால் செவுளைத் தூக்கிப் பார்த்தாய் என்று படித்ததும் எனக்குக் கொஞ்சம் கண் கலங்கியது. நான் அங்கே நின்ற மாதிரியே இருந்தது.

ஃபஹீம்


பின்லாந்து
17 அக்டோபர் 2024

மச்சானுக்கு,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். நேராகச் சொல்லிவிடுவதுதான் எனக்கு வரும்.

நேற்று கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரியில் மாதாந்திரப் பரிசோதனை. பிள்ளை நன்றாக இருக்கிறது, எடை சரி, இதயத் துடிப்பு சரி. அதை முதலில் படித்துக்கொள்ளுங்கள், இரண்டு தடவை படியுங்கள். அதற்குப் பிறகு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்கள். நான் பெருமையாக ஹவுக்கி என்றேன். அந்த நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பிள்ளை சுமக்கிறவர்களும் பால் கொடுக்கிறவர்களும் இந்த நாட்டில் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிற மீன் ஹவுக்கிதானாம். அதன் உடம்பில் பாதரசம் சேருமாம். வயிற்றில் இருக்கிற பிள்ளையின் மூளைக்கும் நரம்புக்கும் அது ஆகாது. ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள், அதில் அச்சடித்தே இருக்கிறது. ஓரத்தில் தமிழில் எழுதிப் படம் அனுப்பியிருக்கிறேன். முதல் மாதமே கொடுத்த கட்டுக்குள் அதே தாள் இருந்திருக்கிறது. நர்ஸ் படித்தவள் நான், படிக்காமல் வைத்திருக்கிறேன். அந்தத் தப்பு என்னுடையது.

மூன்று வாரத்தில் ஆறு தடவை சாப்பிட்டிருக்கிறேன். பயப்பட ஒன்றும் இல்லை, இன்றோடு நிறுத்திக்கொண்டால் போதும் என்றார்கள். ஃபிரீசரில் இருந்த ஏழு கிலோவையும் இல்லத்தில் வேலை செய்கிற ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டேன். அவன் தலைகால் புரியாமல் நன்றி சொன்னான்.

தஸ்லீம்


பூந்தமல்லி
19 அக்டோபர் 2024

தஸ்லீம்,

வாழ்க்கையில் ஒரு மீனைக்கூட வெட்டியிருக்காத ஒரு பெண் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு என் மீனைக் குப்பை என்று சொல்ல, நீ ஏழு கிலோவைத் தூக்கி எவனிடமோ கொடுத்துவிட்டாய். அந்தச் செவுளை நான் கண்ணால் பார்த்தேன். அதில் ஒரு குறையும் கிடையாது.

அப்படியென்றால் என்னதான் சாப்பிடச் சொல்கிறார்கள்? மறுபடியும் உருளைக்கிழங்கா? சின்ன மீன் சாப்பிடலாம் என்று அந்தத் தாளில் இருப்பதாகப் படத்தில் பார்த்தேன். அம்மாவிடம் சொன்னேன். "புள்ளத்தாச்சிக்குப் பொடிமீனா? ஊரு சிரிக்கும்" என்கிறது. ஊர் சிரிப்பது இருக்கட்டும், எனக்கே வெட்கமாக இருக்கிறது. பூனைக்குப் போடுகிறதைப் பெண்டாட்டிக்குப் போடு என்று சொல்ல என்னால் முடியாது.

டிக்கெட் போடு. இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

ஃபஹீம்


பின்லாந்து
21 அக்டோபர் 2024

மச்சானுக்கு,

எழுத ஒன்றும் இல்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்கு இருக்கிறது.

உங்கள் செவுள் பரீட்சையை நான் குறை சொல்லவில்லை. மீன் புதிதா பழையதா என்று அது சொல்லும், அதில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த மீன் பத்து வருடமாக எதைத் தின்று வளர்ந்தது என்று செவுள் சொல்லாது. ஹவுக்கி மற்ற மீன்களைத் தின்று வாழ்கிறது. ஏரியில் இருக்கிற பாதரசம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்ன மீனுக்குள் போகிறது. சின்ன மீன் நூறைத் தின்ற பெரிய மீனுக்குள் நூறு பங்கும் தங்கிவிடுகிறது. வயதாக ஆக, பெரிதாக ஆக, அது கூடுகிறது. இருப்பதிலேயே பெரிதை எடு என்றீர்கள். இந்த ஒரு விஷயத்தில் அது நேர் தலைகீழ்.

சந்தைக்குப் போய் ஹெல்வியிடம் விஷயத்தைச் சொன்னேன். வயிற்றைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்று என்னைத் திட்டினார். பிறகு மேசை ஓரத்துக்கு இழுத்துப் போனார். அங்கே ஒரு பெட்டி நிறைய வெள்ளிக் கம்பி மாதிரி மீன். முய்க்கு என்று பெயர். விரல் நீளம், நம் நெத்திலிக்கு அண்ணன். ஒன்றிரண்டு வயதிலேயே வலையில் சிக்கிவிடுகிறது, தண்ணீரில் மிதக்கிற பொடிப் பூச்சிகளைத் தின்கிறது, மற்ற மீனைத் தொடுவதில்லை. தாளிலும் அதைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று போட்டிருக்கிறது.

இங்கே கம்பு மாதிரி ஒரு தானிய மாவில் புரட்டி வெண்ணெயில் பொரிக்கிறார்கள். நான் அந்த மாவோடு மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் சேர்த்தேன். முள்ளோடு கடிக்கலாம், மொறுமொறுவென்று இருக்கிறது. மறுநாள் அதையே புளி கரைத்துத் தக்காளி போட்டு நெத்திலிக் குழம்பு மாதிரி வைத்தேன். மச்சான், ஹவுக்கியைவிட இது ருசி. உங்கள் தலை மேல் ஆணையாகச் சொல்லுவேன், ஆனால் நீங்கள் கோபத்தில் இருக்கிறீர்கள்.

வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. நான் டிக்கெட் போடவில்லை.

தஸ்லீம்


பின்லாந்து
9 நவம்பர் 2024

மச்சானுக்கு,

பத்தொன்பது நாள் ஆகிறது. நீலக் குறி விழுந்திருக்கிறது, படித்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. நேற்று வேம்புலிக்கு போன் செய்தேன். நீங்கள் நான்கு நாளாகக் கடைக்கே வரவில்லை என்றார். கேட்டால், "ஒடம்பு நல்லாத்தான் கீது, மன்சு செரியில்ல" என்றீர்களாம். கோபம் என்றால் திட்டி எழுதுங்கள். இப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பது உங்களுக்குப் பொருந்தவில்லை.

தஸ்லீம்


பூந்தமல்லி
16 நவம்பர் 2024

தஸ்லீம்,

கோபம் இல்லை. அது உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கே போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

பெரிய மீன், சின்ன மீன், பத்து வருடம் என்று நீ எழுதியிருந்தாய். அது கடலுக்கும் பொருந்துமா என்று வானகரம் மார்க்கெட்டுக்கு வருகிற படித்த பையன்கள் இரண்டு பேரிடம் கேட்டேன். சுறாவுக்கும் பொருந்தும், பெரிய வஞ்சிரத்தையும் அளவாகத்தான் சாப்பிட வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் அம்மா மீன் அரிந்துகொண்டு இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் நீ முழுகாமல் இருந்தபோது வாரம் இரண்டு தடவை வஞ்சிரம் நடுத்துண்டு கொண்டுவந்தவன் நான்தான். இருப்பதிலேயே பெரியதைப் பார்த்து எடுப்பேன். வாடிக்கைக்காரர் கேட்டால்கூடக் கொடுக்க மாட்டேன், இது என் வீட்டுக்கு என்பேன். உனக்குப் போதும் போதும் என்று ஆன பிறகும் தட்டில் வைத்து, தின்னு தின்னு என்றேன். ஐந்தாம் மாதத்தில் பிள்ளை போனது.

என் கையால் நானே செய்தேனா, தஸ்லீம்? இதை வாயால் கேட்க முடியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. கடைக்குப் போனால் யாராவது பிள்ளை சுமக்கிற பெண் வந்து பெரிய மீனாகக் கொடுங்கண்ணா என்று கேட்பாள். அதற்குப் பயந்துதான் போகவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. அதுவும்தானே சமைத்துப் போட்டது.

நீ நர்ஸ். உண்மையைச் சொல். என் மனம் நோகுமே என்று மாற்றிச் சொல்லாதே.

ஃபஹீம்


பின்லாந்து
17 நவம்பர் 2024

என் மச்சானுக்கு,

இல்லை.

முதல் வரியிலேயே தெரிய வேண்டும் என்று எழுதினேன். இப்போது காரணம். அன்றைக்கு டாக்டர் என்னிடம் எல்லாப் பரிசோதனை முடிவையும் காட்டி விளக்கினார். நஞ்சுக்கொடி ஆரம்பத்திலிருந்தே சரியாக ஒட்டவில்லை, அதுதான் காரணம், நீ தின்றதாலோ நடந்ததாலோ தூக்கியதாலோ வந்ததில்லை என்று சொன்னார். நான் இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் அதையேதான் சொன்னார். அந்த ரிப்போர்ட் என் பெட்டியில் இருக்கிறது. இன்றைக்குக் காலையில் எடுத்து மறுபடியும் வரி வரியாகப் படித்தேன். படம் எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன், பூந்தமல்லியில் எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். மீனைப் பற்றி இங்கே எச்சரிப்பதெல்லாம் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்காக. அன்றைக்கு நமக்கு நடந்தது அது இல்லை.

உங்கள் மனம் நோகும் என்று பொய் சொல்கிற ஆள் நான் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் மீசை நன்றாக இல்லை என்று நிக்காஹ் முடிந்த மறுநாளே சொன்னவள் நான்.

ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு டாக்டர் பேசும்போது நீங்கள் ஏன் உள்ளே வரவில்லை? வெளியிலேயே நின்றீர்கள். மீன் வாடை அடிக்கும் என்று கூச்சம் என்று பிற்பாடு சொன்னீர்கள். உள்ளே வந்து காதால் கேட்டிருந்தால் இந்த நாலு வாரம் இப்படிக் கிடந்து வெந்திருக்க மாட்டீர்கள். மாமியிடம் ஒன்றும் சொல்லாதீர்கள், பாவம். நாளைக்குக் கடைக்குப் போங்கள்.

தஸ்லீம்


பூந்தமல்லி
5 டிசம்பர் 2024

தஸ்லீம்,

நீ அனுப்பியதைக் குமணன்சாவடியில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினேன். நீ சொன்னதையேதான் அவரும் சொன்னார். வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்து நன்றாக அழுதுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினேன். போகிறவர் வருகிறவர் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

கடைக்குப் போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சென்னீர்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், இருப்பதிலேயே பெரிய சுறாவாகப் போடு என்றார். நான் சுறாவை எடுக்கவில்லை. நெத்திலியும் கொஞ்சம் சங்கராவும் போடுகிறேன், மகளுக்கு இதுதான் நல்லது என்றேன். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். "இன்னா நைனா, என்னப் பாத்தா ஏப்ப சாப்பையா தெரிதா?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். வேம்புலி தலையில் அடித்துக்கொண்டான். எதிர்க்கடையில் அவருக்குச் சுறா கிடைத்திருக்கும். என்னால் என் கடையை மட்டும்தான் பார்த்துக்கொள்ள முடியும். வர வர இதைச் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிடுவேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அம்மாவிடம் நீ முய்க்கு பொரித்த படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மாவு கொஞ்சம் கனமாகப் பூசியிருக்கிறாள், அடுத்த தடவை மெல்லிசாகப் பூசச் சொல் என்றது. அவ்வளவுதான் சொன்னது. வேறு யாராக இருந்தாலும் இன்னும் நாலு பேச்சு வாங்கியிருப்பார்கள்.

ஏழாம் மாதம் முடியப் போகிறது. நீ நன்றாகச் சாப்பிடுகிறாய். ஒப்பந்தப்படி நான் வருவதைப் பற்றி யோசிக்க வேண்டும். யோசித்ததை எழுதுகிறேன், சிரிக்காதே.

உன்னை இங்கே வா வா என்று நான் கூப்பிட்டது பிள்ளைக்காக மட்டும் இல்லை. இங்கே நான் மீன்கடை ஃபஹீம். நான் எடுத்துக் கொடுத்தால் மறுபேச்சு இல்லாமல் வாங்கிப் போவார்கள். அங்கே வந்தால் நான் யார்? மொழி தெரியாது, வேலை கிடையாது, பனியில் நடக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் மீன். அதிலும் இப்போது என்னைவிட உனக்கு அதிகம் தெரிகிறது. நீ தனியாகவே எல்லாம் பார்த்துக்கொள்கிறாய். நான் வந்து உனக்கு என்ன ஆகப் போகிறது? வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால், கொஞ்ச நாளில் நீயே இவன் எதற்கு என்று நினைத்துவிட மாட்டாயா? இதுதான் பயம். மீன், கடை, அம்மா எல்லாம் நான் சொல்லிக்கொண்ட சாக்கு.

வேம்புலி கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். அம்மாவை என் அக்கா பார்த்துக்கொள்ளும். நீ என்ன சொல்கிறாய்?

ஃபஹீம்


பின்லாந்து
8 டிசம்பர் 2024

என் மச்சானுக்கு,

நான் சிரிக்கவில்லை. இந்த மாதிரி ஒரு கடிதத்தை நீங்கள் எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. போனில் பேசியிருந்தால் கடைசிவரை சொல்லியிருக்க மாட்டீர்கள்.

நானும் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் தைரியசாலி மாதிரி எழுதினேன். அது பொய் இல்லை. மீன் வாங்க, சமைக்க, சாப்பிட, ஆஸ்பத்திரிக்குப் போக, பரீட்சை எழுத எனக்கு யாரும் தேவையில்லை. அதற்காக நீங்கள் வர வேண்டாம்.

எங்கள் இல்லத்தில் ஐலி என்று ஒரு பாட்டியம்மா இருக்கிறார். எண்பத்தொன்பது வயது, நினைவு தங்காது. என் பெயரைத் தினமும் காலையில் புதிதாகக் கேட்பார். வியாழக்கிழமை அவருக்குச் சாக்ஸ் மாட்டிவிட்டுக்கொண்டு இருந்தேன். பிள்ளை உதைத்தது. இதுவரை இல்லாத மாதிரி ஓங்கி ஒரு உதை. எனக்கு அப்படியே யாரிடமாவது காட்டியாக வேண்டும் போல் இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. ஐலியின் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தேன். மறுபடியும் உதைத்தது. அவர் முகம் மலர்ந்துபோனது. கையை எடுக்காமலே, இது யார் பிள்ளை என்று கேட்டார். ஃபஹீம் பிள்ளை என்றேன். அவன் எங்கே என்றார்.

நான் குனிந்து மற்ற காலுக்குச் சாக்ஸ் மாட்டினேன். ஐந்து நிமிடத்தில் மறந்துவிட்டு மறுபடியும் கேட்டார், யார் பிள்ளை, அவன் எங்கே. அன்றைக்குச் சாயங்காலம் வரை ஏழெட்டு தடவை கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் அழுதேன்.

நேற்றும் கேட்டார். நாளைக்கும் கேட்பார். டிக்கெட் போடுங்கள் மச்சான். வந்து நீங்களே அவரிடம் பதில் சொல்லுங்கள்.

தஸ்லீம்